ஹாம் ரேடியோவும் வீட்டுக் கரண்டும்: இடி வருமுன் செய்ய வேண்டியவை

2017 நவம்பர் 29 இரவும் மறுநாள் பகலும் குமரி மாவட்டத்தில் இருந்தவர்களுக்கு ஒக்கிப் புயலைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. ரப்பரும் வாழையும் வேரோடு சாய்ந்தன. ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் முறிந்தன. பல ஊர்களுக்குக் கரண்ட் திரும்பி வரப் பல நாட்கள் ஆயின. கரண்ட் போனதைத் தொடர்ந்து செல்போனும் பல இடங்களில் ஊமையானது. கடலுக்குப் போனவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கரையில் நின்ற குடும்பங்களுக்குச் சொல்ல ஆளில்லை. வளைகுடாவில் இருந்த நம் பிள்ளைகள் வீட்டு எண்ணை அழுத்தி அழுத்தி ஓய்ந்தார்கள்.

இப்படிப்பட்ட நேரத்தில் கைகொடுக்கும் சாதனங்களில் ஒன்று ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் வானொலி. 2004 டிசம்பரில் ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலிக் கழகத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் தலைமையிலான குழு, உலக நாடுகளின் ஹாம்களோடு பேசுவதற்காக அந்தமான் போர்ட் பிளேயரில் நிலையம் அமைத்திருந்தது. 26ஆம் தேதி சுனாமி தாக்கியதும் அதே கருவிகள் தீவுகளுக்கும் பிரதான நிலத்துக்கும் இடையே செய்தி கடத்தும் பாலமாயின. பொழுதுபோக்குக்காகக் கொண்டு போன பெட்டி, உறவினர்களைத் தேடித் தவித்தவர்களுக்குப் பதில் கொண்டு வந்தது.

நம் வீடுகளிலும் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் சிலர் இதில் ஆர்வம் காட்டுகிறார்கள். ஒன்றிய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு நடத்தும் தேர்வில் தேறி உரிமம் பெற வேண்டும். 12 வயது நிறைந்தவர்கள் எழுதலாம். உரிமம் கிடைத்ததும் வி.யு. என்று தொடங்கும் அழைப்புக் குறி தருவார்கள். ஆனால் வாப்பாமார் கேட்கும் முதல் கேள்வி தேர்வைப் பற்றியதாக இருப்பதில்லை. "இவ்வளவு பணம் கொடுத்து வாங்கினால், நம்ம ஊர் இடிக்கும் ஹை வோல்டேஜுக்கும் அது தாங்குமா?" என்பதுதான் அது. நியாயமான கேள்வி. புயல் நாளுக்காக வாங்கி வைத்த கருவி, அதற்கு முந்தைய சித்திரை மாதத்து இடியில் கருகிப் போனால் புயல் நாளில் அது வெறும் இரும்புப் பெட்டி.

நாம் படித்தது மதரஸாவும் கலைக் கல்லூரியும்தான். எனவே பொறியாளர்களின் மொழியை விட்டுவிட்டு, வீட்டில் உள்ள எல்லோருக்கும் புரியும்படி விஷயத்தைச் சொல்ல முயல்வோம். இங்கே சொல்லப்படும் பெரும்பாலானவை டிவி, ஃபிரிட்ஜ், இன்டர்நெட் ரவுட்டர், பள்ளிவாசல் ஆம்ப்ளிஃபயர் ஆகியவற்றுக்கும் பொருந்தும்.

ரேடியோ கேட்பது என்ன, சுவர் தருவது என்ன?

வீட்டில் வைத்துப் பேசும் 100 வாட் ஹாம் ரேடியோ பெரும்பாலும் 13.8 வோல்ட் டி.சி. மின்சாரத்தில் ஓடுகிறது. ஏறத்தாழ கார் பேட்டரியின் அளவு. காதால் கேட்கும்போது ஒரு ஆம்பியர் அளவில் எடுக்கும். பொத்தானை அழுத்திப் பேசும்போது 20 ஆம்பியருக்கும் மேலே போகும்.

நம் சுவரில் உள்ள பிளக்கோ 230 வோல்ட் ஏ.சி. தருகிறது. 230 என்பது ஒரு வகைச் சராசரிக் கணக்கு. அலையின் உச்சியில் அது 325 வோல்ட். ஒரு நொடியில் 50 முறை ஏறி இறங்குகிறது. இந்த இரண்டுக்கும் இடையே நிற்பது பவர் சப்ளை பெட்டி. அது 230 வோல்ட்டை வாங்கி 13.8 வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கிறது. சுவரிலிருந்து வரும் கெடுதலை முதலில் வாங்கிக் கொள்வதும் அதுதான்.

அந்தக் கெடுதல் ஒரே வகை அல்ல, மூன்று வகை. ஒன்று, நொடிக்கணக்கில் அல்லது நிமிடக்கணக்கில் நீடிக்கும் ஹை வோல்டேஜ். இரண்டு, கண் இமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் வந்து போகும் மின் எழுச்சி. இதை சர்ஜ் அல்லது ஸ்பைக் என்பார்கள். மூன்று, கருவியை எரிக்காமல் காதை மட்டும் அடைக்கும் மின் இரைச்சல். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஒன்றுக்கான மருந்தை வாங்கி வைத்துவிட்டு மூன்றுக்கும் காப்பு கிடைத்துவிட்டதாக நினைப்பதால்தான் பலருடைய பணம் வீணாகிறது.

நியூட்ரல் அறுந்தால் நடப்பது

நம் தெருக்கம்பத்தில் ஓடுவது மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல். ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே சுமார் 400 வோல்ட். உங்கள் வீடு ஒரு ஃபேஸில், எதிர் வீடு இன்னொரு ஃபேஸில் இருக்கலாம். இருவருக்கும் பொதுவான நியூட்ரல் இருக்கும் வரை அவரவருக்கு அவரவர் 230 வோல்ட்.

காற்றில் தென்னை மட்டை விழுந்து அந்த நியூட்ரல் கம்பி மட்டும் அறுந்தது என்று வைத்துக் கொள்வோம். இப்போது இரண்டு வீடுகளும் 400 வோல்ட்டுக்குக் குறுக்கே ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்தது போல ஆகிவிடும். எதிர் வீட்டில் அயர்ன் பாக்ஸும் ஹீட்டரும் சேர்ந்து 2000 வாட் ஓடுகிறது. உங்கள் வீட்டில் ரவுட்டரும் ரேடியோவின் பவர் சப்ளையுமாக 100 வாட்தான் ஓடுகிறது என்றால், அந்த 400இல் ஏறக்குறைய 380 வோல்ட் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். குறைவாகக் கரண்ட் செலவழிக்கும் வீடுதான் அதிகம் அடிபடும். நள்ளிரவில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இரண்டு பெட்டிகளை மட்டும் ஓடவிட்ட வீட்டில் அந்த இரண்டும் எரிவதற்குக் காரணம் இதுவே.

இதற்கு ஸ்பைக் கார்டு மருந்தல்ல. ஸ்டெபிலைசரும் முழு மருந்தல்ல. அதன் எல்லைக்கு மேல் போனால் துண்டிக்கும் வசதி இருந்தால்தான் பயன். தேவைப்படுவது, வோல்டேஜ் எல்லை தாண்டியதும் தானாகவே வீட்டை அல்லது அந்த அறையைத் துண்டிக்கும் கட்-ஆஃப் கருவி. டி.பி. பாக்ஸில் எம்.சி.பி.க்குப் பக்கத்தில் பொருத்தும் வகையில் கிடைக்கிறது. 180 வோல்ட்டுக்குக் கீழும் 265 வோல்ட்டுக்கு மேலும் துண்டிக்கும்படியும், கரண்ட் சீரானபின் இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து இணைக்கும்படியும் வைக்கலாம். புயலுக்குப் பின் கரண்ட் வந்து வந்து போகும் நாட்களில் இந்தப் பொறுமை மிகவும் பயன்படும்.

நியூட்ரல் அறுந்ததை எப்படி அறிவது? ஒரு அறையில் பல்பு கண் கூசும்படி எரியும். பக்கத்து வீட்டில் மங்கும். ஃபேன் திடீரென்று வேகமெடுக்கும். அப்படித் தெரிந்தால் காரணம் தேடிக் கொண்டிருக்காமல் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டாருக்கும் குரல் கொடுக்க வேண்டும். அவர்கள் ஒரு ஹீட்டரை அணைத்தாலும் போட்டாலும் உங்கள் வீட்டு வோல்டேஜ் மாறும் என்பதால் இது இருவரின் பிரச்சினை.

நீல வில்லையின் கதை

இனி இரண்டாவது பகை, சர்ஜ். குமரி மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெறும் பகுதி. சித்திரை, வைகாசி மாதங்களின் மாலை இடியும், ஐப்பசி, கார்த்திகை இடியும் நமக்குப் பழக்கமானவை. மின்னல் நம் வீட்டின் மேலேயே விழ வேண்டும் என்பதில்லை. சற்றுத் தொலைவில் விழுந்தாலும், தெருவில் நீண்டு ஓடும் மின்கம்பியில் அதன் தாக்கம் தூண்டப்பட்டு ஆயிரக்கணக்கான வோல்ட் வீடு வரை வந்து சேரும். பெரிய மோட்டாரை நிறுத்தும்போதும், டிரான்ஸ்ஃபார்மரில் இணைப்பைப் போட்டு எடுக்கும்போதும் சிறிய சர்ஜ்கள் எழும்.

இதைத் தடுப்பது எம்.ஓ.வி. என்னும் சின்ன வில்லை. பெரும்பாலும் நீல நிறத்தில், நாணயம் போல இருக்கும். துத்தநாக ஆக்சைடு துகள்களை அழுத்திச் சுட்டுச் செய்தது. சாதாரண வோல்டேஜில் அது அடைத்த கதவு. குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் கதவு திறந்து, வரும் வெள்ளத்தைத் தன் வழியே திருப்பி விடுகிறது. நம் நாட்டு 230 வோல்ட்டுக்கு 275 அல்லது 320 வோல்ட் என்று குறித்த வில்லைகளைப் பயன்படுத்துவார்கள்.

இதில் மூன்று உண்மைகளைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

முதலாவது, இது தேய்ந்து போகும் பொருள். ஒவ்வொரு சர்ஜும் அதைக் கொஞ்சம் பலவீனப்படுத்துகிறது. ஐந்தாறு மழைக்காலம் கண்ட ஸ்பைக் கார்டில் சிவப்பு விளக்கு எரிவதால் உள்ளே காப்பு இருக்கிறது என்று பொருளல்ல. பல பெட்டிகளில் அந்த விளக்கு கரண்ட் இருப்பதை மட்டுமே காட்டுகிறது. காப்பு உயிரோடு இருப்பதைக் காட்டத் தனி அடையாளம் உள்ளதைப் பார்த்து வாங்க வேண்டும்.

இரண்டாவது, அது மைக்ரோ நொடிகளுக்கான காவலாளி. முன்பு சொன்ன நியூட்ரல் அறுந்த நிலையில் 380 வோல்ட் நீடித்தால், நொடிக்கு 100 முறை கதவு திறந்து திறந்து வில்லை சூடேறி வெடிக்கும் அல்லது தீப்பிடிக்கும். அதனால் வெப்பத்தில் அறுந்துபோகும் தெர்மல் ஃபியூஸ் உள்ளே இணைந்த வகைதான் பாதுகாப்பானது. வில்லையை மட்டும் கடையில் வாங்கி எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குள் ஒட்டி வைப்பது, திரைச்சீலைக்குப் பக்கத்தில் தீக்குச்சியை வைப்பது போன்றது.

மூன்றாவது, விலை மலிவான பல "ஸ்பைக்" பெட்டிகளில் இந்த வில்லையே இருப்பதில்லை. சுவிட்சும் சாக்கெட்டும் மட்டும் இருக்கும். ஜூல் கணக்கோ, கிலோ ஆம்பியர் கணக்கோ, தரச் சான்றோ எதுவும் அச்சிடாத பெட்டியை நம்பி ஒரு ரேடியோவை ஒப்படைக்கக் கூடாது.

முறையான வழி, எஸ்.பி.டி. எனப்படும் சர்ஜ் தடுப்புக் கருவியை டி.பி. பாக்ஸிலேயே பொருத்துவது. இதில் மூன்று வகை உண்டு. முதல் வகை, இடிதாங்கி வைத்த கட்டடங்களுக்கும் மின்னல் நேரடியாகத் தாக்கக்கூடிய இணைப்புகளுக்கும் உரியது. இரண்டாம் வகை, பொதுவாக வீடுகளின் மெயின் போர்டில் வைப்பது. மூன்றாம் வகை, கருவிக்கு அருகில் பிளக்கில் வைப்பது. நல்ல ஏற்பாட்டில் மெயின் போர்டில் இரண்டாம் வகை பெரும்பகுதியைத் தடுக்கும். மிஞ்சியதை மேசைக்கு அருகில் உள்ள மூன்றாம் வகை தடுக்கும். இடிதாங்கி வைத்த வீடென்றால் முதல் வகையும் சேர வேண்டும்.

பொருத்தும்போது வயர்மேனிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எஸ்.பி.டி.க்குப் போகும் கம்பியும் அதிலிருந்து எர்த்துக்குப் போகும் கம்பியும் சேர்ந்து அரை மீட்டருக்குள் இருக்கட்டும். அழகுக்காகச் சுற்றி வளைத்துக் கொண்டு போனால் பயன் குறையும். 3000 ஆம்பியர் சர்ஜ் 8 மைக்ரோ நொடியில் எழும்பும்போது, ஒரு மீட்டர் கம்பியின் தூண்டல் குணத்தினால் மட்டுமே சுமார் 375 வோல்ட் கூடுதலாகிவிடும். கருவி தடுத்ததைக் கம்பி திருப்பிக் கொடுத்துவிடும்.

எர்த் ஒன்றாக இருக்கட்டும்

தடுக்கப்பட்ட சர்ஜ் போய்ச் சேர வேண்டிய இடம் பூமி. எர்த் சரியில்லாத வீட்டில் எத்தனை எஸ்.பி.டி. வைத்தாலும் அது வடிகால் இல்லாத முற்றம்.

ஹாம் ரேடியோ வைத்த வீட்டில் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. மற்ற சாதனங்களுக்கு மின்சாரம் வரும் வழியைத்தான் முக்கியமாகக் காக்க வேண்டும். ரேடியோவுக்கோ ஒரு பக்கம் சுவர் பிளக், மறுபக்கம் மொட்டை மாடியில் உள்ள ஆன்டெனா. நம் நாட்டு ஹாம்கள் அதிகம் பேசும் 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு வேண்டிய கம்பி ஆன்டெனா ஏறத்தாழ 20 மீட்டர் நீளம். தேங்காய்ப்பட்டணம், குளச்சல் பக்கம் என்றால் தென்னைக்குத் தென்னை கட்டிவிடலாம். ஆனால் தென்னை மின்னலை எவ்வளவு எளிதாக வாங்கும் என்பது தோப்பு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

பலர் செய்வது என்னவென்றால், ஆன்டெனாவுக்கென்று தோட்டத்தில் தனியாக ஒரு கம்பியை அடித்து எர்த் கொடுத்துவிடுவார்கள். வீட்டு எர்த் வேறு மூலையில் இருக்கும். இரண்டுக்கும் தொடர்பு இல்லை. பார்க்கப் பாதுகாப்பாகத் தெரிந்தாலும் இது ஆபத்தான ஏற்பாடு. ஆன்டெனா எர்த்தின் தடை 10 ஓம் என்று வைப்போம். அதில் 1000 ஆம்பியர் பாய்ந்தாலே அந்தக் கம்பி 10,000 வோல்ட்டுக்கு உயரும். மின்னலின் மொத்த ஓட்டமோ பல ஆயிரம் ஆம்பியர். வீட்டு எர்த் அந்த நேரத்தில் தாழ்ந்தே இருக்கும். இரண்டுக்கும் இடையே உள்ள ஒரே பாலம் உங்கள் ரேடியோ. மின்சாரம் அதன் வழியேதான் கடக்கும்.

ஆகவே எர்த் எத்தனை இருந்தாலும் அவை அனைத்தும் தடித்த செம்புக் கம்பியாலோ பட்டையாலோ ஒன்றோடு ஒன்று இணைக்கப்பட வேண்டும். ஆன்டெனா கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், சுவருக்கு வெளியே ஒரு செம்பு அல்லது அலுமினியத் தகடு வைத்து, அதில் கேபிளுக்கான வாயுக் குழாய் அரெஸ்டரைப் பொருத்தி, அந்தத் தகட்டை எர்த்தில் சேர்க்க வேண்டும். மேசையில் ரேடியோ, பவர் சப்ளை, கணினி ஆகியவற்றின் எர்த் ஒரே இடத்தில் கூட வேண்டும். எல்லாம் சேர்ந்து உயர்ந்து சேர்ந்து தாழ்ந்தால், நடுவில் பாயும் ஓட்டம் வெகுவாகக் குறையும்.

நம் மாவட்டத்துக்கு இன்னும் இரண்டு குறிப்புகள். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று எர்த் இணைப்பின் நட்டு, போல்ட்டை அரித்துவிடும். மேலே பச்சையோ துருவோ படிந்திருந்தால் உள்ளே இணைப்பு இல்லை என்றே கொள்ளலாம். ஆண்டுக்கு ஒரு முறை திறந்து சுத்தம் செய்து இறுக்க வேண்டும். மேற்குப் பகுதியின் சரல் மண்ணிலும் பாறை மண்ணிலும் கோடையில் ஈரம் வற்றி எர்த்தின் தடை கூடும். முதல் கோடை இடிக்கு முன்னே எர்த் குழியில் தண்ணீர் ஊற்றும் பழக்கம் நல்லது. வயர்மேனிடம் எர்த் டெஸ்டர் இருந்தால் ஓம் அளவை எழுதி வாங்கி வைத்துக் கொண்டால், அடுத்த ஆண்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இத்தனை செய்தும் மின்னல் நேரடியாக விழுந்தால் எந்தக் கருவிக்கும் உத்தரவாதம் இல்லை. மிகச் சிறந்த காப்பு, பிளக்கைப் பிடுங்குவதும் ஆன்டெனா கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே விடுவதும்தான். அதுவும் இடி வருமுன். மின்னலைக் கண்டு 30 நொடிக்குள் சத்தம் கேட்டால் அது சுமார் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அதற்குப் பிறகு கேபிளைத் தொடப் போகக் கூடாது. ரேடியோ போனால் வேறு வாங்கலாம். "போய் கழற்றிவிட்டு வா" என்று பிள்ளையை மாடிக்கு அனுப்பும் நேரம் அதுவல்ல.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

மூன்றாவது பகை கருவியை எரிக்காது. ஆனால் மங்கலாக வரும் குரலை மூடிவிடும். தொலைதூரத்திலிருந்து வரும் அபயக்குரல் மெல்லியதாகத்தான் இருக்கும் என்பதால் இதுவும் சின்ன விஷயமல்ல.

இன்றைய வீடுகளில் எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், பி.எல்.டி.சி. ஃபேன், டிவி, சோலார் இன்வெர்ட்டர் என்று பலவும் கரண்டை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டிப் பயன்படுத்துகின்றன. அந்த வெட்டுகள் வீட்டு வயரிங்கையே ஆன்டெனாவாக ஆக்கி ரேடியோவுக்குள் இரைச்சலாக நுழைகின்றன. மலிவான சார்ஜர்களில் இதைத் தடுக்கும் பாகங்களைச் செலவு மிச்சம் பிடிக்க விட்டுவிடுகிறார்கள்.

மூலத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ரேடியோவைப் பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டின் மெயினை அணையுங்கள். இரைச்சல் அடங்கினால் குற்றவாளி நம் வீட்டுக்குள்தான். பிறகு எம்.சி.பி.களை ஒவ்வொன்றாகப் போட்டுக் கொண்டே வந்தால் எந்த அறை, எந்தப் பொருள் என்று தெரிந்துவிடும். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைத்துப் பார்க்க மறக்கக் கூடாது. மெயினை அணைத்தும் இரைச்சல் அடங்காவிட்டால் அது வெளியிலிருந்து வருகிறது. கடற்கரைப் பகுதியில் மின்கம்பத்துப் பீங்கான்களில் உப்புப் படிந்து பொறி கசிவதும் ஒரு காரணம். நல்ல மழைக்குப் பிறகு சில நாட்கள் இரைச்சல் குறைந்து, பின் மீண்டும் வந்தால் சந்தேகம் வலுக்கும். கம்பத்தை நாம் தட்டிப் பார்க்கக் கூடாது. எண்ணைக் குறித்து மின்வாரியத்துக்குச் சொன்னால் போதும்.

வீட்டுக்குள் இருக்கும் இரைச்சலுக்கு இரண்டு மருந்துகள். ஒன்று, ஃபெரைட் வளையம். கரிய நிறத்தில் வளையல் போல இருக்கும். குறுகிய அலைவரிசைகளுக்கு 31 என்ற கலவை எண் கொண்டது ஏற்றது. இரைச்சல் தரும் பொருளின் வயரை அதற்குள் பல சுற்றுகள் சுற்ற வேண்டும். தடுக்கும் சக்தி, சுற்றுகளின் எண்ணிக்கையைப் போல அல்ல, அதன் வர்க்கத்தைப் போலக் கூடும். ஒரு சுற்றுக்கு ஒரு மடங்கு என்றால் மூன்று சுற்றுக்கு ஒன்பது மடங்கு, ஐந்து சுற்றுக்கு ஏறக்குறைய இருபத்தைந்து மடங்கு. சும்மா ஒரு முறை நுழைத்துவிட்டுப் பலன் இல்லை என்று சொல்வதில் பொருளில்லை.

இரண்டாவது, லைன் ஃபில்டர். பவர் சப்ளைக்கு முன்னால் வைக்கும் உலோகப் பெட்டி. உள்ளே ஒரு சுருளும், ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே எக்ஸ் வகைக் கண்டன்சரும், அவை இரண்டிலிருந்தும் எர்த்துக்கு ஒய் வகைக் கண்டன்சர்களும் இருக்கும். இந்த ஒய் வகை பாதுகாப்புக்கென்றே தனியாகத் தயாரிக்கப்படுவது. அதற்குப் பதில் கையில் கிடைத்த கண்டன்சரை வைத்தால், அது பழுதாகும் நாளில் பெட்டியின் உடல் முழுதும் 230 வோல்ட் நிற்கும். ஆகவே ஃபில்டரைச் செய்யாமல், சான்று பெற்றதை வாங்குவதே அறிவுடைமை.

ஃபில்டருக்கு எர்த் கட்டாயம். எர்த் இல்லாத பிளக்கில் போட்டால், அந்த இரண்டு கண்டன்சர்களும் வோல்டேஜைப் பாதியாகப் பங்கிட்டு, பெட்டியின் உடலைச் சுமார் 115 வோல்ட்டில் நிறுத்தும். கணினியின் இரும்பு உடலைத் தொட்டதும் எறும்பு கடிப்பது போல விறுவிறுப்பது பல வீடுகளில் இதனால்தான். "லேசா அடிக்கும், பரவாயில்லை" என்று விடுவார்கள். அது எர்த் இல்லை என்று வீடு சொல்லும் செய்தி. உயிர் காக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் வீட்டில் இருக்க வேண்டும். ஃபில்டர் உள்ள பெட்டிகள் பல சேர்ந்தால் அவற்றின் சிறு கசிவுகள் கூடி அது அடிக்கடி விழலாம். அதற்காக அதைக் கழற்றி எறியாமல், சுமையை இரண்டு ஆர்.சி.சி.பி.களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

பேட்டரி என்னும் நடுவர்

ரேடியோ 13.8 வோல்ட்டில் ஓடுவது நமக்கு ஒரு வசதி. சுவருக்கும் ரேடியோவுக்கும் நடுவே ஒரு 12 வோல்ட் பேட்டரியை வைத்துவிட்டால், பவர் சப்ளை அதை நிரப்பிக் கொண்டிருக்கும். ரேடியோ அதிலிருந்து குடிக்கும். கரண்ட் போனால் ரேடியோவுக்குத் தெரியவே தெரியாது. இடி நாளில் சுவரோடு உள்ள தொடர்பையும் ஆன்டெனாவையும் கழற்றி வைத்துவிட்டு, இடி நின்றதும் பேட்டரியிலிருந்தே பேசலாம்.

கணக்கு எளிது. 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியை மட்டும் எடுப்போம். அதற்கு மேல் வடித்தால் அதன் ஆயுள் குறையும். ரேடியோவின் சக்தியைக் குறைத்து வைத்து, பத்தில் ஒன்பது பங்கு நேரம் கேட்டு ஒரு பங்கு நேரம் பேசினால், சராசரியாக 2 ஆம்பியர் என்று வைக்கலாம். ஏறக்குறைய 25 மணி நேரம் கிடைக்கும். ஒரு சோலார் தகடும் அதற்குரிய சார்ஜ் கன்ட்ரோலரும் சேர்த்தால் நாட்கணக்கில் ஓட்டலாம். சில கன்ட்ரோலர்கள் இரைச்சல் தரும் என்பதால் முன்பே சோதித்துப் பார்க்க வேண்டும்.

பேட்டரி முனையிலிருந்து புறப்படும் இடத்திலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். 12 வோல்ட் தானே என்று அலட்சியம் கூடாது. ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து வயர் பழுக்கும். தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும். படுக்கையறையிலோ மூடிய அலமாரியிலோ வைக்கக் கூடாது. பவர் சப்ளை வாங்கும்போது, அது பழுதாகி 20 வோல்ட்டுக்கு மேல் கொடுத்துவிடாமல் தடுக்கும் உயர் வோல்டேஜ் காப்பு உள்ளதா என்று கேட்டு வாங்க வேண்டும். சுவரிலிருந்து வந்த கெடுதலுக்குத் தப்பிய ரேடியோ, தன் சொந்தப் பவர் சப்ளையால் எரிந்து போவதும் நடப்பதுதான்.

ஜெனரேட்டரும் லைன்மேனின் உயிரும்

புயலுக்குப் பின் பலரும் சிறிய ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து, இருமுனை பிளக் போட்ட வயரால் வீட்டு சாக்கெட்டில் செருகிவிடுவதைக் காண்கிறோம். இது ரேடியோவுக்கு ஆபத்து என்பதை விட மனித உயிருக்கு ஆபத்து. மெயின் அணைக்கப்படாமல் இருந்தால், அந்தக் கரண்ட் தெருவுக்குப் போய், டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி, 11,000 வோல்ட் கம்பியை உயிர்ப்பிக்கும். லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் தொழிலாளி நமக்காகத்தான் ஏறியிருக்கிறார். சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டோடு இணைக்கவே கூடாது. ஆன்டெனாவுக்கு அலுமினியக் குழாய் நிறுத்தும்போதும், அது எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரத்தில் நிறுத்த வேண்டும்.

எதை முதலில் செய்வது?

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்ய எல்லோராலும் முடியாது. ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்.

1. உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டு எர்த்தைச் சோதித்துச் சரி செய்தல், ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் பொருத்துதல். இது ரேடியோவுக்கு முன் குடும்பத்துக்கு.

2. இடி கேட்குமுன் பிளக்கையும் ஆன்டெனாவையும் கழற்றும் பழக்கம். இதற்குச் செலவே இல்லை.

3. வோல்டேஜ் கட்-ஆஃப் கருவி.

4. மெயின் போர்டில் இரண்டாம் வகை எஸ்.பி.டி.; ஆன்டெனா நுழைவில் அரெஸ்டர்; எல்லா எர்த்தையும் ஒன்றாக இணைத்தல்.

5. பேட்டரியும் ஃபியூஸும்.

6. ஃபெரைட் வளையமும் ஃபில்டரும்.

இந்த வரிசையில் ஃபில்டர் கடைசியில் வருவதைப் பார்த்து ஹாம் பிள்ளைகள் முகம் சுளிக்கலாம். அவர்களுக்கு இரைச்சல்தான் அன்றாடத் தொல்லை. ஆனால் இரைச்சல் பொறுக்கக்கூடியது. எர்த் இல்லாத வீடு பொறுக்கக்கூடியதல்ல. உம்மாவும் தங்கையும் தொடும் அதே சுவிட்ச் போர்டில்தான் ரேடியோவும் இணைந்திருக்கிறது.

ரேடியோவால் பக்கத்து வீட்டு டிவியிலோ ஒலிபெருக்கியிலோ தொல்லை எழுந்தால், "எனக்கு உரிமம் இருக்கிறது" என்று வாதாடாமல் நம் கேபிளிலும் அவர்கள் வயரிலும் ஒரு ஃபெரைட் வளையத்தை மாட்டித் தீர்த்து வைக்க வேண்டும். அண்டை வீட்டாரின் உரிமை நமக்குப் புதிதாகச் சொல்லித் தர வேண்டிய பாடமல்ல. தேவை வரும் நாளில் செய்தி சொல்லச் சொல்லி முதலில் நம் வாசலுக்கு வரப்போகிறவர்களும் அவர்களே.

ஐப்பசி மழைக்கு முன் ஒரு விடுமுறை நாளில் வீட்டில் உள்ள எல்லோரும் சேர்ந்து மெயினை அணைத்து, பேட்டரியில் ரேடியோ எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். எந்த வயர் தளர்ந்திருக்கிறது, எந்த ஃபியூஸ் கையிருப்பில் இல்லை என்பது அன்றே தெரிந்துவிடும். முயற்சி நம்முடையது; மற்றதை இறைவன் பார்த்துக் கொள்வான், இன்ஷா அல்லாஹ்.